சிகரெட், சரக்கு, காபி: மூன்றையும் ஒரே நாளில் விடலாமா?

வைகைக்கரை (மதுரை)

வணக்கம். வயது 44. லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதினைந்து சிகரெட். ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி, சனிக்கிழமை என்றால் அதற்கு மேலும் போகும். காபி காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆறு ஏழு டம்ளர்.

எதை முதலில் விடுவது என்று பல நாளாக யோசிக்கிறேன். காபி கையில் வந்தால் சிகரெட் வேண்டும். பிராந்தியை ஊற்றினால் சிகரெட் வேண்டும். காலையில் தலை கனத்தால் காபி வேண்டும். ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. அதனால் அடுத்த மாதம் முதல் தேதி மூன்றையும் ஒரேயடியாக விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். லீவு போட்டுவிட்டு நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தால் உடம்பு தானாகத் தெளிந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இப்படி விட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கரிசல்மண் (கோவில்பட்டி)

தாராளமாக விடலாம் நண்பரே. நான் மூன்றையும் சேர்த்துத்தான் விட்டேன். முதல் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கிற தலைவலி, யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன், அப்புறம் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அதற்கு முன்னால் சிகரெட்டை மட்டும் விட்டுப் பார்த்தபோது டீக்கடை வாசலில் நின்றாலே கை நீண்டுவிடும். டீக்கடைக்குப் போவதையே நிறுத்திய பிறகுதான் பிடி விட்டது. யோசிக்காமல் தேதியைக் குறியுங்கள்.

வார்டு சிஸ்டர் (தஞ்சாவூர்)

கரிசல்மண் அண்ணா, விடுவதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு குடித்துக்கொண்டிருந்தீர்கள்?

கரிசல்மண்

மாதத்துக்கு இரண்டு மூன்று பீர்தான் சிஸ்டர். சம்பள நாளில், நண்பர்களோடு.

வார்டு சிஸ்டர்

அப்படியானால் உங்களுக்குச் சரியாக வந்த வழி வைகைக்கரை அண்ணனுக்கு ஆபத்தாக முடியலாம். நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் செவிலியர். குடியை நிறுத்தியதால் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பலருடைய வீட்டிலும் "குடிக்கக்கூட இல்லையே சிஸ்டர், நிறுத்தி இரண்டு நாள் ஆச்சே" என்றுதான் சொல்வார்கள். நிறுத்தியதால்தான் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் ஆல்கஹால் தினமும் உள்ளே போகிறது. இது சாதாரண அளவு இல்லை.

வைகைக்கரை அண்ணா, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். காலையில் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கத்தை அடக்க எப்போதாவது காலையிலேயே ஒரு கட்டிங் போட்டதுண்டா? இதற்கு முன்னால் நிறுத்தியபோது என்ன ஆனது?

வைகைக்கரை

காலையில் லேசாக நடுக்கம் உண்டு சிஸ்டர், டிபன் சாப்பிட்டதும் போய்விடும். காலையில் குடிப்பதில்லை. முன்பு ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். முதல் இரண்டு நாள் வேர்த்துக் கொட்டியது, பொட்டுத் தூக்கம் இல்லை. ராத்திரி சுவரில் எறும்பு சாரை சாரையாக ஏறுவது போலத் தெரிந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மாலை போட்ட வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாம் நாளுக்குப் பிறகு சரியாகிவிட்டது. மண்டலம் முழுக்க ஒன்றையும் தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்றைக்கே மறுபடி ஆரம்பம்.

வார்டு சிஸ்டர்

அண்ணா, இதைப் பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் அண்ணியிடமும் காட்டுங்கள்.

தினமும் குடிக்கும்போது ஆல்கஹால் மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன்னுடைய வேகத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் போல. ஒரே நாளில் குடியை எடுத்துவிட்டால் அந்த வேகம் தடையில்லாமல் கிளம்புகிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி எல்லாம் கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே தொடங்கலாம். இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் காதில் கேட்பதும் பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் வரும். வலிப்பு வருகிறவர்களுக்கு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 மணி நேரத்துக்குப் பிறகு, மூன்றாம் நாள் நான்காம் நாளில் வருவதுதான் டி.டி. என்று நாங்கள் சொல்லும் டெலிரியம் ட்ரெமென்ஸ். ஆள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் குழம்புவார், காய்ச்சல் அடிக்கும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம்.

உங்கள் நண்பர் சொன்ன அந்த நாலு நாளை இதோடு வைத்துப் பாருங்கள். ஆபத்து மொத்தமும் அந்த நாலு நாளில்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடக்க அதைவிட மோசமான சமயம் கிடையாது.

நீங்கள் பார்த்த எறும்பு உடம்பு கொடுத்த எச்சரிக்கை. ஒருமுறை அப்படி வந்தவருக்கு அடுத்த முறை அதைவிடக் கடுமையாக வர வாய்ப்பு அதிகம். விடுவதும் தொடங்குவதுமாக இருக்க இருக்க, நிறுத்தும்போது வரும் இந்தத் தொல்லைகள் ஒவ்வொரு முறையும் கடுமையாகிக்கொண்டே போகலாம். போன தடவை தப்பித்ததை வைத்து இந்தத் தடவையைக் கணிக்காதீர்கள்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பயப்பட வேண்டாம். குளோர்டயஸெபாக்சைடு, டயஸெபாம், லோரஸெபாம் போன்ற மாத்திரைகளில் ஒன்றைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின், ஊசியாகவோ மாத்திரையாகவோ. குடிக்கிறவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாலேயே தயமின் போடச் சொல்வது அதனால்தான். இல்லாவிட்டால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். இந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடக்கூடாது. அவற்றோடு குடியும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மதுரையில் இருக்கிறீர்கள், முதல் தேதிக்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்கிற தேதியில் நிறுத்துங்கள்.

புதன்கிழமைக் கூட்டம் (சென்னை)

சிஸ்டர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் கூட்டத்துக்குப் போகிறவன், குடியை விட்டுப் பல வருடம் ஆகிறது. சிகிச்சை எடுத்தது அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனையில். 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மா தொடங்கியது. குடியை ஒழுக்கக்கேடாகவே ஊர் பார்த்த காலத்தில், இது நோய், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் என்று சொல்லி நடத்திக்காட்டியவர் அவர்.

ஆனால் தம்பி, சிகரெட்டைப் பற்றி எனக்கு வேறு கருத்து. எங்கள் கூட்டத்தில் முதலில் சொல்லித் தருவது, குடியை மட்டும் பார், மற்றதெல்லாம் அப்புறம் என்பதுதான். கூட்டம் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் தருவார்கள், வெளியே நின்று நாலு பேர் சிகரெட் பிடிப்பார்கள். முதல் வருடம் எனக்கு அந்த டீயும் சிகரெட்டும்தான் கைப்பிடி. அவற்றையும் அன்றைக்கே பிடுங்கியிருந்தால் நான் நேராக டாஸ்மாக் கடைக்குப் போயிருப்பேன். மூன்று பக்கமும் ஒரே நேரத்தில் சண்டை போடாதீர்கள். குடியை முதலில் முடியுங்கள்.

மாத்திரைச்சீட்டு (ஈரோடு)

அண்ணன் சொல்வது அனுபவம், மதிக்கிறேன். ஆனால் "அப்புறம்" என்று தள்ளிய சிகரெட் பலரைக் கொண்டுபோயிருக்கிறது. உங்கள் இயக்கத்தை 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1934இல் குடியை விட்டவர், சாகும்வரை திரும்பத் தொடவில்லை. உலகம் முழுக்க எத்தனையோ பேரைக் குடியிலிருந்து மீட்ட மனிதர். 1971இல் அவரைக் கொண்டுபோனது எம்ஃபைசீமா என்ற நுரையீரல் நோய். கடும் சிகரெட் பழக்கம் இருந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடி, போதை சிகிச்சைக்கு வந்த 845 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் புகையிலை. மதுவால் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். குடிக்குச் சிகிச்சை எடுத்தவர்களையே குடியைவிடப் புகை அதிகம் கொன்றிருக்கிறது.

புதன்கிழமைக் கூட்டம்

பில் எதனால் இறந்தார் என்பது எங்களுக்கும் தெரியும் தம்பி, மறைக்கவில்லை. சிகரெட் நல்லது என்று நான் சொல்லவில்லை. எந்த வரிசையில் என்பதுதான் பேச்சு. இரண்டையும் சேர்த்து விடச் சொல்லி, இரண்டிலும் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாத்திரைச்சீட்டு

நியாயம். ஆய்வுகளும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் நிற்கவில்லை. 2004இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குடி சிகிச்சையில் இருந்த சுமார் 500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சிகரெட்டை விடும் உதவி உடனே, இன்னொன்றுக்கு ஆறு மாதம் கழித்து. சிகரெட்டை விட்டவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் குடிக்காமல் நிலைத்தவர்கள் தள்ளிப்போட்ட குழுவில் கூடுதல். அண்ணன் சொல்வதற்கு இது பலம். அதே ஆண்டில் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இன்னொரு தொகுப்பில், போதை சிகிச்சையோடு சிகரெட்டை விடும் உதவியும் பெற்றவர்கள் குடி, போதை இல்லாமல் நீண்ட நாள் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்று வந்தது.

இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது: குடியின் தேதியை டாக்டர் குறிக்கட்டும். சிகரெட்டையும் விட ஆசை இருக்கிறவரை யாரும் "இப்போது வேண்டாம்" என்று தடுக்கக்கூடாது. அந்த ஆசை திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆசை இல்லாதவரைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

வைகைக்கரை அண்ணன் கவனிக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. மருந்துக்கடை வைத்திருப்பதால் இதை விடாமல் சொல்வேன். சிகரெட்டை விடுவதற்குப் பியூப்ரோபியான் என்று ஒரு மாத்திரை உண்டு. அது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். குடியைத் திடீரென்று நிறுத்துகிறவர்களுக்கு அது கூடாது. சிகரெட்டுக்கு ஒரு டாக்டர், குடிக்கு வேறு டாக்டர் என்று போய், ஒருவரிடம் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாமல் விட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

கரிசல்மண்

அப்படியானால் காபி? அதில் ஆபத்து ஒன்றும் இல்லையே, அன்றைக்கே விட்டால் என்ன?

மாத்திரைச்சீட்டு

ஆபத்து இல்லை. ஆனால் சிகரெட்டுக்கும் காபிக்கும் நடுவில் பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது.

காபியில் உள்ள கஃபீனைக் கல்லீரலில் உடைப்பது சி.ஒய்.பி.1ஏ2 என்ற என்சைம். சிகரெட் புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் அந்த என்சைமை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் வேகமாகக் கரைந்துபோகிறது. புகைப்பவர்கள் ஆறு டம்ளர் குடித்தும் அசையாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். சிகரெட்டை நிறுத்தினால் சில நாட்களில் அந்த முடுக்கம் போய்விடும். அப்போதும் அதே ஆறு டம்ளர் குடித்தால் ரத்தத்தில் கஃபீன் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. "சிகரெட் இல்லாமல் என்னால் முடியவில்லை" என்று நினைத்துத் திரும்பப் பற்றவைப்பார்கள், அதில் ஒரு பங்கு காபி செய்த வேலையாக இருக்கலாம்.

எனவே சிகரெட்டை விடுகிறவர் காபியைப் பாதியாக்கினாலே போதும், உடம்புக்குக் கிடைக்கும் கஃபீன் கிட்டத்தட்ட பழைய அளவுதான். முழுவதும் நிறுத்தினால் அதன் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். கஃபீன் தலைவலி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சம், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீளும். நிக்கோடின் ஏக்கம் உச்சத்தில் இருப்பதும் முதல் இரண்டு மூன்று நாள்தான். குடியின் ஆபத்தும் அதே நாட்களில். மூன்றும் ஒரே சமயத்தில் வந்தால் எந்த நடுக்கம் எதனால் என்று பார்க்கிற டாக்டருக்கே குழப்பமாகும்.

இந்த முடுக்கம் புகையால் வருவது, நிக்கோடினால் இல்லை. நிக்கோடின் கம் மென்றாலும் காபியைக் குறைக்கத்தான் வேண்டும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, மனநோய்க்கு குளோசபினோ சாப்பிடுகிறவர்கள் சிகரெட்டை விட்டால் அந்த மருந்தும் உடம்பில் ஏறும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும்.

டபரா செட் (கும்பகோணம்)

காபியைப் பாதியாக்க எளிய வழி இருக்கிறது, எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இப்படித்தான் குறைத்தோம். சிக்கரியில் கஃபீன் கிடையாது. அரைத்துத் தரும் கடையில் வழக்கமாக 80க்கு 20 வாங்குகிறீர்கள் என்றால் அடுத்த தடவை 70க்கு 30, அப்புறம் 60க்கு 40 என்று கேளுங்கள். பாக்கெட் தூள் என்றால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று மேலேயே அச்சிட்டிருக்கும். நிறமும் கெட்டியும் குறையாது, கசப்புதான் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இரண்டாம் டிக்காக்ஷனில் கலந்தால் இன்னும் இறங்கும். நாலு மணி காபிக்குப் பதில் சுக்குமல்லிக் காபி. அதிலும் கஃபீன் இல்லை. முதல் நாள் முகம் சுளித்தார் அப்பா, இப்போது அதற்குக் கருப்பட்டிதான் போட வேண்டும் என்று கண்டிஷன்.

தலைவலி மாத்திரை வாங்கினால் அட்டையைப் படியுங்கள். சில மாத்திரைகளில் கஃபீன் சேர்த்திருக்கும்.

கீழக்கரைக்காரன் (துபாய்)

நோன்பு மாதத்தில் இதை நாங்கள் எல்லோரும் அனுபவிக்கிறோம். முதல் இரண்டு மூன்று நாள் அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு வரும் தலைவலி பசியால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் டீ, காபி இல்லாததால்தான். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே நான் குறைக்கத் தொடங்கிவிடுவேன், தலைவலி வருவதில்லை. சிகரெட்டையும் ஒரு ரமலானில்தான் விட்டேன். பகல் முழுக்க முடிகிறபோது நோன்பு திறந்ததும் ஏன் பற்றவைக்கிறோம் என்ற கேள்வி வந்தது. வைகைக்கரை அண்ணன் ஒரு மண்டலம் முழுக்க இருந்திருக்கிறார் என்றால் அந்த உறுதி அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்த முறை முதல் வாரத்துக்கு மட்டும் வைத்தியம் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சாரல் (தென்காசி)

நான் இதுவரை இங்கே படித்ததோடு சரி, எழுதியதில்லை. என் வீட்டுக்காரரும் தினமும் குடிக்கிறார். டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறார். சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்கள் என்று ஒரு பொடி விற்கிறார்கள். என் நாத்தனார் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

வார்டு சிஸ்டர்

அக்கா, தயவுசெய்து வேண்டாம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்தாக இருந்தால், அது ஆல்கஹால் உடம்பில் பாதி உடைந்த நிலையிலேயே தேங்கும்படி செய்யும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சடாரென்று விழும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்துகூடப் போகலாம். 1950களிலிருந்து டாக்டர்கள் கொடுத்துவரும் மருந்துதான். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் தனியாகப் போய் மனநல மருத்துவரிடம் பேசலாம். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், குடும்பத்தாரும் பேசலாம். மன வேதனைக்கு 14416 இருக்கிறது. ஊரில் ஏதாவது மறுவாழ்வு மையம் என்று யாராவது சொன்னால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேட்ட பிறகே காலடி வையுங்கள். ஆளைக் கட்டிப்போட்டு அடிக்கும் இடங்களும் நடக்கின்றன.

புதன்கிழமைக் கூட்டம்

சாரல் அம்மா, குடிக்கிறவர்களின் குடும்பத்துக்கென்றே ஆல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. என் மனைவி எனக்கு முன்னாலேயே அதற்குப் போகத் தொடங்கியவர். நான் குடியை நிறுத்துவதற்கு முன்பே அவர் முகம் தெளிந்துவிட்டது. போய்ப் பாருங்கள்.

சாரல்

நன்றி சிஸ்டர், நன்றி அண்ணா. பொடி வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். 14446 குறித்து வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை

நேற்று ராத்திரி சிஸ்டர் எழுதியதை மனைவியிடம் காட்டினேன். மாலை போட்ட வருடம் நான் தூங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, பக்தி என்று நினைத்திருக்கிறாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதுவரை குடியைத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று புரிந்துகொண்டேன். காபி இன்றிலிருந்தே ஒரு டம்ளர் குறைத்தாயிற்று.

சிகரெட்டையும் சேர்த்து விடவே ஆசை. குடிக்கும்போதுதான் அதிகம் பிடிக்கிறேன், அது போனால் இதுவும் பாதி போய்விடும் என்று தோன்றுகிறது. நிக்கோடின் கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு பார்த்தேன். எது வாங்குவது?

மாத்திரைச்சீட்டு

தூங்கி எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பீர்களா?

வைகைக்கரை

எழுந்ததும் முதல் வேலை அதுதான்.

மாத்திரைச்சீட்டு

அப்படியானால் 4. திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லி, அவர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா மருந்தும் ஒரே சீட்டில் இருந்தால் யாரும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள்.

சூயிங்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோடின் வயிற்றுக்குள் போய் வீணாகும், விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மெல்லுங்கள். காரம் போலச் சுர்ரென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுர் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படியே அரை மணி நேரம். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ், சோடா எதுவும் கூடாது. வாயில் புளிப்புத் தன்மை இருந்தால் நிக்கோடின் உள்ளே இறங்காது. காபி குடித்துக்கொண்டே மென்றுவிட்டு "கம் வேலை செய்யவில்லை" என்று வந்து சொல்கிறவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள்.

சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று ஒரு எண் அச்சிட்டிருக்கும். புகையிலையை விட இலவச உதவி, தமிழிலும் பேசுவார்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

வார்டு சிஸ்டர்

திங்கட்கிழமை போகும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் அந்த அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள் அண்ணா. சுவரில் எறும்பு தெரிந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்தே மாத்திரை போதுமா, சில நாள் வார்டில் தங்க வேண்டுமா என்று அவர்கள் முடிவு செய்ய அது முக்கியம். தங்கச் சொன்னால் தயங்காமல் தங்குங்கள்.

வைகைக்கரை

சரி சிஸ்டர். லீவை முதல் தேதிக்குப் பதில் திங்கட்கிழமையிலிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டேன்.